ஐம்பது பாஸ்கல்

வாசல் நிலையில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி
நடுவில் என் விசிறியைப் பொருத்துகிறேன்.
இனி இந்த வீட்டுக்கு மூச்சுவிட
நான் விட்ட வழி மட்டும்தான்.

வெளியே மைனஸ் பதினேழு.
வோருவுக்குப் போகும் சாலையில்
பனி வாரும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றியபடி கடக்கிறது.

"புள்ளி ஆறைத் தாண்டினால் வங்கி மிச்சத்தைத் தராது"
என்கிறாள் விர்வே, மூன்றாவது தடவையாக.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
போன குளிரில், வாடகை வீட்டில்,
சம்பளத்தில் பாதி ரேடியேட்டருக்குள் போனதாம்;
அந்தப் பாதியும்
ஜன்னல் வழியாக வெளியே போனதாம்.

கட்டியவன் ஆய்வோ.
பேசவில்லை.
காதில் செருகிய பென்சிலை எடுக்கிறான், செருகுகிறான்.

சுவரெல்லாம் ஸ்ப்ரூஸ் பலகை,
குறுக்கும் நெடுக்குமாய் ஐந்து அடுக்கு ஒட்டியது.
மேலே போர்த்த வேண்டிய மரநார் மெத்தைகள்
முற்றத்தில் தார்ப்பாய்க்கடியில் காத்திருக்கின்றன.
இந்த மரங்கள் நின்ற காலத்தில் விழுங்கிய கரி
இன்னும் சுவருக்குள்தான் இருக்கிறது,
எங்கும் போகாது.
போவதும் வருவதும் காற்றுதான்.

முடுக்குகிறேன்.
பத்து. முப்பது.
துணி உள்பக்கமாய்த் தொப்பை போடுகிறது.
ஐம்பது பாஸ்கல்.
திரையில் எண் கொஞ்சம் தத்தளித்து நிற்கிறது:
புள்ளி ஆறு எட்டு.

"புறங்கையை நனைத்துக்கொள்" என்கிறேன் விர்வேயிடம்,
"வாடை முதலில் கடிப்பது அங்கேதான்."
நான் புகைக் குச்சியோடு போகிறேன்.
மின்பெட்டி. குழாய் நுழையும் துளை.
ஜன்னலின் நான்கு மூலைகள்.
புகை எங்கும் நேராக நிற்கிறது,
பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி.

மச்சில்தான் அது சாய்ந்தது.

ஏழு உத்தரங்கள்.
கூடத்தில் தொடங்கி, சுவரைத் துளைத்து,
வெளியே இறவாரம் வரை ஒரே மரமாய் ஓடுகிறவை.
"உள்ளே ஒன்று, வெளியே ஒன்று ஒட்டுப்போட மாட்டேன்,
அது பொய்" என்று
வரைபடக்காரியோடு ஒரு மாதம் சண்டை போட்டானாம்.
சுற்றிலும் ஒட்டிய நாடாவில் ஒரு சுருக்கம் இல்லை,
அப்படி ஒரு கை.
காற்று நாடாவைத் தொடவே இல்லை.
மரத்துக்குள்ளேயே வருகிறது.

இரண்டாம் உத்தரத்தில்
நகம் நுழையாத ஒரு வெடிப்பு.
வெட்டிய பிறகும் மரம் காய்ந்துகொண்டிருக்கிறது,
காயும்போது தன் நெடுக்கிலேயே பிளக்கிறது.
வேரிலிருந்து நீர் ஏறிய அதே திசையில்
வாடை வந்து
என் புகையை முறித்துப் போடுகிறது.

பசை செலுத்தினான்.
புள்ளி ஆறு மூன்று.
இன்னொரு குழல்.
புள்ளி ஆறு இரண்டு.
"இதை அடைத்தால் அடுத்த தையில் அது பிளக்கும்" என்றேன்.
அவனுக்கும் தெரியும்.
ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ரம்பச் சத்தம்.
முதல் முனை பனியில் விழுந்தது தெரியவில்லை,
அவ்வளவு மெத்தென்று.
பிறகு மூன்றாவது, நாலாவது,
வெடிக்காதவையும்.
சுவரோடு சுவராய் ஏழையும் அறுத்து
வெட்டுமுகங்களை மூடி நாடா ஒட்டும்போது
மணி மூன்றரை, இருட்டிவிட்டது.
தலைவிளக்கு வெளிச்சத்தில் பிசின் மின்னியது.
இறவாரத்தைத் தனியாகப் பிறகு மாட்டுவான்,
திருகாணி போட்டு,
பொய்யாகவே.

ஐம்பது பாஸ்கல்.
புள்ளி ஐந்து நான்கு.

காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
விசிறி நின்றதும்
காதில் ஏதோ கழன்று விழுந்த மாதிரி அமைதி.
ஹீட்டர் இன்னும் வரவில்லை;
மூன்று உடம்பு, இரண்டு பல்பு,
ஆய்வோவின் பிளாஸ்க்கில் கொஞ்சம் காப்பி.
அதற்கே கண்ணாடியில் ஆவி படிகிறது.

விர்வே கடைசியில் கோட்டைக் கழற்றினாள்.
மாட்ட இடமில்லை.
சுவரைப் பார்த்தாள்,
தரையில் கிடந்த ஆணியைப் பார்த்தாள்.

"அடிக்காதே!" என்றோம்
அவனும் நானும் ஒரே குரலில்.